அலுவலக இணைய வடிகட்டி: பட்டியலை எழுதுவது யார்?

கம்பம் என்ற ஊரின் பெயரை ஆங்கிலத்தில் ஆறு எழுத்துகளில் எழுதுவது ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொடரும் வழக்கம். அந்த ஆறில் முதல் மூன்றைத் தனியே பிரித்தால் ஆங்கிலத்தில் ஓர் ஆபாசச் சொல் கிடைக்கும். மீதி மூன்றைப் பிரித்தால் உடலின் பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல் கிடைக்கும். திராட்சைத் தோட்டங்களும் முல்லைப் பெரியாற்றுப் பாசனமும் கொண்ட ஊர் அது என்பது, எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்குத் தெரியாது. இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரவாசிகள் 1996-ல் இதே வம்பில் மாட்டிக்கொண்டார்கள். ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததால், ஏஓஎல் நிறுவனத்தின் வடிகட்டி அவர்களைக் கணக்கே தொடங்கவிடவில்லை. கணினித் துறையில் இவ்வகைப் பிழைக்கு இன்றும் ‘ஸ்கன்தார்ப் சிக்கல்’ என்றே பெயர். தேனி மாவட்டத்துக்காரர்கள் உரிமை கோரினால் ‘கம்பம் சிக்கல்’ என்றும் அழைக்கலாம்.

இப்படிப்பட்ட பிழை கண்ணுக்குத் தெரியும், சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாமல் நிகழும் முடக்கம்தான் கவலைக்குரியது. அது அரசாங்கம் மட்டுமே செய்யும் காரியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிறு அலுவலகங்கள் ஆண்டுச் சந்தா கட்டி அதை வாங்கிவைத்துக்கொள்கின்றன என்பதைக் கெங்குவார்பட்டியில் நேரில் கண்டேன்.

கொடைக்கானல் மலையடிவாரத்தில், பெரியகுளம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி கெங்குவார்பட்டி. மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் நிறைந்த ஊர். அங்கு விளைபொருள் கொள்முதல் செய்யும் ஓர் அலுவலகத்தில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். லாரி வாடகை ரசீதைப் போலத் தோற்றமளித்த ஒரு மின்னஞ்சல் இணைப்பைக் கணக்குப் பிரிவில் ஒருவர் திறந்துவிட, அந்தக் கணினியை மீட்பதற்குள் ஒரு வாரம் வீணாகிவிட்டது. அதன் பிறகு இணைய வடிகட்டி ஒன்றைப் பொருத்த முடிவுசெய்த உரிமையாளர், விற்பனைக்கு வந்த மூன்றில் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். மோசடித் தளங்கள் வரக் கூடாது, ஆபாசம் வரக் கூடாது, வேலை நேரத்தில் கிரிக்கெட் வரக் கூடாது என்பவை அவருடைய மூன்று நிபந்தனைகள். மூன்றுமே நியாயமானவை. தன் செலவில் இயங்கும் இணைப்பில் எது வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு முதலாளிக்கு உண்டு. அந்தத் தீர்மானத்தை உண்மையில் எடுப்பவர் அவர்தானா என்பதே என் கேள்வி.

வடிகட்டி வேலை செய்யும் விதம்

இணைய வடிகட்டி என்பது அடிப்படையில் ஒரு பட்டியல். கோடிக்கணக்கான இணைய முகவரிகளை ‘சூதாட்டம்’, ‘ஆபாசம்’, ‘செய்தி’, ‘அரசியல்’, ‘ஏலமும் விளம்பரமும்’ என்று வகைபிரித்து வைத்திருப்பார்கள். வாங்குபவர் எந்த வகை வேண்டாம் என்று மட்டும் குறிப்பார். எந்த முகவரி எந்த வகையில் சேரும் என்பதை விற்பவர் முன்பே தீர்மானித்திருப்பார். அதையும் பெரும்பாலும் மனிதர்கள் செய்வதில்லை. சொற்களை எண்ணிப் பார்க்கும் நிரல்கள் செய்கின்றன. ஆங்கிலத்துக்கென்று பல்லாண்டுகளாகச் செதுக்கப்பட்ட அந்த நிரல்கள் தமிழுக்கு வரும்போது தடுமாறுகின்றன. ‘காமம்’ என்ற சொல்லைக் கண்டதும் கதவடைக்கும் நிரலுக்குத் திருக்குறளின் மூன்றாம் பாலில் 25 அதிகாரங்களும் 250 குறள்களும் ஐயத்துக்குரியவையே. மார்பகப் புற்றுநோய் குறித்த மருத்துவக் குறிப்புக்கும் இதே கதிதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இப்போது ஏறத்தாழ எல்லா இணையதளங்களும் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பிலேயே இயங்குகின்றன. சில உலாவிகளில் முகவரிக்கு அருகே தெரியும் பூட்டுச் சின்னம் அதற்கான அடையாளம். இதனால், இடையில் நிற்கும் வடிகட்டிக்குத் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். அதற்குள் எந்தப் பக்கத்தை ஒருவர் படிக்கிறார் என்பது தெரியாது. எனவே, ஒரு பக்கத்தைத் தடுக்க நினைத்தால் முழுத் தளத்தையும் தடுக்க வேண்டியிருக்கிறது. அதைத் தவிர்க்க, ஒவ்வொரு கணினியிலும் தன் சான்றிதழை நிறுவிக்கொண்டு பூட்டைத் திறந்து பார்க்கும் வடிகட்டிகளும் விற்கப்படுகின்றன. அவற்றை நிறுவினால் பணியாளர்களின் வங்கிக் கடவுச்சொல்கூட அந்த மென்பொருளின் கண் முன்னே கடந்துபோகும். சிறு அலுவலகங்களுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்று மென்பொருள்களையும் சோதனைக்காக நிறுவி, அந்த அலுவலகத்தினர் பயன்படுத்தக்கூடிய முகவரிகளை ஒவ்வொன்றாக உள்ளிட்டுப் பார்த்தோம். ஒரு மென்பொருள், ஏலம் தொடர்பான தளங்கள் அனைத்தையும் ‘வேலை நேரத்தை வீணாக்குபவை’ என்ற தொகுப்பில் வைத்திருந்தது. அப்பட்டியலைத் தயாரித்தவர்களின் நாட்டில் இணைய ஏலம் என்றால் பழைய பொருள்களை வாங்கி விற்கும் பொழுதுபோக்கு. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில்தான் ஏலக்காய் விலை தீர்மானமாகிறது. இந்த மாவட்டத்தில் ஏலம் பார்ப்பதே வேலை என்று அந்தப் பட்டியலுக்கு யாரும் சொல்லவில்லை.

இது சின்ன விஷயம். இரண்டாவது மென்பொருளில் கண்டதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கம் திறக்கவில்லை. சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறதே! பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு அமைக்க வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அங்கு வேலைசெய்யும் பெண் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் அளிக்க வேண்டும். புகார் முதலாளியின் மீதே என்றாலும் அதே குழுதான். நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துபூர்வமாக அளிக்க வேண்டும் என்பது பொது விதி. ஒன்பது பேர் வேலைசெய்யும் அலுவலகத்தில் இந்த விவரத்தைச் சொல்ல வேறு ஆள் இல்லை. இணையத்தில்தான் தேட வேண்டும்.

அந்தப் பக்கம் தடுக்கப்பட்டது என்ற அறிவிப்புகூடத் திரையில் வரவில்லை. ‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்று மட்டும் வந்தது. “இப்படி வந்தா நெட் போயிருச்சுன்னு நெனச்சு மூடிருவோம் சார்” என்றார் அங்கு பணிபுரியும் பெண் ஒருவர். தடுக்கப்பட்டது என்று தெரிந்தால் ஏன் என்று கேட்கலாம். பழுது என்று நினைத்துக்கொண்டால் கேட்க எதுவுமில்லை. இந்தப் பட்டியலைத் தயாரிப்பது யார், பார்க்க முடியுமா என்று விற்பனைப் பிரதிநிதியிடம் தொலைபேசியில் கேட்டேன். “அது கம்பெனி ரகசியம் சார், எங்களுக்கே காட்ட மாட்டாங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

பூட்டிய பட்டியல்களின் வரலாறு

பட்டியலை மறைக்கும் வழக்கம் இத்துறை பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1990-களின் நடுவில் அமெரிக்கப் பெற்றோர்களுக்காக விற்கப்பட்ட ‘சைபர்சிட்டர்’ என்ற வடிகட்டி, அந்நாட்டின் தேசியப் பெண்கள் அமைப்பின் தளத்தையும் தடுத்துக்கொண்டிருந்தது 1996-ல் பத்திரிகையாளர்களால் அம்பலமானது. பென்னட் ஹேசல்டன் என்ற கல்லூரி மாணவர் ‘பீஸ்ஃபயர்’ என்ற தளத்தைத் தொடங்கி, அந்த மென்பொருள் எவற்றையெல்லாம் தடுக்கிறது என்று எழுதினார். அதே ஆண்டு பீஸ்ஃபயர் தளமும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. குழந்தைகளைக் காப்பதற்காக வாங்கப்பட்ட மென்பொருள், தன்னைப் பற்றிய விமர்சனத்தை அந்தக் குழந்தைகளின் பெற்றோரிடமிருந்து மறைத்தது.

2000-ல் ‘சைபர் பேட்ரோல்’ என்ற இன்னொரு வடிகட்டியின் பட்டியலை, ஸ்வீடனிலும் கனடாவிலும் இருந்த இரு நிரலாளர்கள் பூட்டை உடைத்து வெளிக்கொண்டுவந்தனர். அதை அப்போது வைத்திருந்த மேட்டல் நிறுவனம் - ஆம், பார்பி பொம்மை மேட்டல்தான் - உடனே வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் காப்புரிமை விதிகளில் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. வடிகட்டிகள் தடுக்கும் தளங்களின் பட்டியலைப் பார்ப்பதற்காகப் பூட்டை உடைப்பது குற்றமாகாது என்றது அந்த விலக்கு. 2003-ல் புதுப்பிக்கப்பட்ட அது, 2006-ல் கைவிடப்பட்டது.

பொது நூலகங்களில் வடிகட்டி பொருத்துவதை மத்திய அரசின் நிதியுதவிக்கு நிபந்தனையாக்கிய சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-ல் ஏற்றுக்கொண்டது. வயதுவந்த வாசகர் கேட்டால் நூலகர் வடிகட்டியை நீக்கித் தர முடியும் என்பது அத்தீர்ப்புக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. கேட்டால் திறக்கும் என்பதால்தான் மூடுவது பொறுத்துக்கொள்ளப்பட்டது. ஆனால், மூடியிருப்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்?

அலுவலகத்துக்கு விற்கப்படும் வடிகட்டிக்கும் நாட்டுக்கே போடப்படும் தடைக்கும் இடையில் நாம் நினைக்கும் தொலைவு இல்லை. பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் வடிகட்டி விற்கும் ‘நெட்ஸ்வீப்பர்’ என்ற கனடா நிறுவனத்தின் மென்பொருளைப் பற்றி, டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ‘சிட்டிசன் லேப்’ 2018-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 30 நாடுகளில் அம்மென்பொருள் இயங்குவது கண்டறியப்பட்டது. அவற்றில் இந்தியா உள்ளிட்ட பத்து நாடுகளை அறிக்கை குறிப்பாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் தளமும் ‘கிறிஸ்டியன் சயின்ஸ் மானிட்டர்’ இதழின் தளமும் ஆபாச வகையில் சேர்க்கப்பட்டுச் சில நாடுகளில் தடுக்கப்பட்டிருந்தன. ‘மாற்று வாழ்க்கைமுறைகள்’ என்ற பெயரில் ஒரு வகையே அதில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் பால் புதுமையினர் தொடர்பான தளங்கள் மொத்தமாக மறைந்துபோகும். ஓர் அலுவலகத்துக்காகச் செய்யப்பட்ட வகைப்பாடு, ஒரு தேசத்துக்குப் பொருத்தப்பட்டால் கோடிக்கணக்கானவர்களின் வாசிப்பைத் தீர்மானிக்கிறது.

நம் ஊர்த் தடைகள்

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு இணையதளங்களை முடக்கலாம். அதற்கான 2009-ம் ஆண்டு விதிகளில் 16-வது விதி, முடக்கக் கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவை ரத்துசெய்த உச்ச நீதிமன்றம், 69ஏ பிரிவையும் இந்த விதிகளையும் செல்லும் என்றே அறிவித்தது. பெங்களூருவின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020-ல் ஆறு பெரிய இணையச் சேவை நிறுவனங்களைச் சோதித்தபோது, ஒரு நிறுவனம் தடுக்கும் தளங்கள் இன்னொன்றில் திறந்தன. ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ், யாரிடம் இணைப்பு வாங்கினோம் என்பதைப் பொறுத்து இணையம் மாறுகிறது.

தமிழ்நாட்டிலிருந்தே பிறந்த தடைகளும் உண்டு. 2012-ல் தனுஷ் நடித்த ‘3’ உள்ளிட்ட படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில், பெயர் குறிப்பிடாத எதிர்வாதிகள் மீது ஓர் உத்தரவு பெறப்பட்டது. இணையச் சேவை நிறுவனங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ‘விமியோ’, ‘டெய்லிமோஷன்’ போன்ற தளங்களையே முழுவதுமாக மூடின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2017 ஆகஸ்ட்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவுகளின் பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. பழைய இணையப் பக்கங்களைப் பாதுகாக்கும் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ அவற்றுள் ஒன்று.

விகடன் இணையதளத்துக்கு நேர்ந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பிரதமரைச் சித்தரித்த ஒரு கேலிச்சித்திரம் வெளியான சில நாட்களில், 2025 பிப்ரவரி 15 மாலை முதல் பலருக்கும் அந்தத் தளம் திறக்கவில்லை. அப்போது முறையான அறிவிப்பு எதுவும் அந்நிறுவனத்தின் கைக்கு வந்திருக்கவில்லை. மார்ச் 6 அன்று, அந்தச் சித்திரத்தை நீக்கிவைத்தால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. கேலிச்சித்திரம் சரியா தவறா என்பது இங்கு என் விவாதமல்ல. முதல் நாள் மாலையில் தளத்தைத் திறக்க முயன்ற வாசகரின் திரையில் என்ன தெரிந்தது என்பதே முக்கியம். தடை என்று தெரியவில்லை. பழுது போலத்தான் தெரிந்தது. கெங்குவார்பட்டி அலுவலகத்தில் கண்ட அதே திரை.

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுப்பவர்கள் இதை முன்பே உணர்ந்திருக்கிறார்கள். சட்டக் காரணங்களுக்காக ஒரு பக்கம் தடுக்கப்பட்டால் அதை வெளிப்படையாகச் சொல்ல 451 என்ற எண்ணை 2016-ல் தரமாக்கினார்கள். புத்தகங்களை எரிக்கும் சமூகத்தைப் பற்றி ரே பிராட்பரி எழுதிய நாவலின் தலைப்பிலிருந்து எடுத்த எண் அது. அந்த எண்ணைத் திரையில் கண்ட தமிழ் வாசகர் மிகச் சிலரே இருப்பார்கள்.

வாங்குபவர் கேட்க வேண்டியவை

பட்டியலை மறைப்பதற்கு விற்பவர்கள் சொல்லும் காரணங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. முழுப் பட்டியலை வெளியிட்டால் போட்டி நிறுவனம் திருடிக்கொள்ளும். ஆபாசத் தளங்களுக்கு அதுவே முகவரிப் புத்தகமாகவும் ஆகிவிடும். ஏற்றுக்கொள்வோம். ஆனால், ஒரு முகவரியை உள்ளிட்டு, அது எந்த வகையில் இருக்கிறது என்று யாரும் பார்க்கும்படி வைக்க முடியும். தவறென்றால் திருத்தக் கோர முடியும். சில நிறுவனங்கள் இந்த வசதியைப் பொதுவிலேயே வைத்திருக்கின்றன. பிரான்ஸின் துலூஸ் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், தான் தொகுக்கும் வகைப்பட்டியல்கள் முழுவதையும் பல ஆண்டுகளாகத் திறந்தே வைத்திருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை.

தவறே செய்யாத வடிகட்டி கிடையாது. ‘கிளவுட்ஃப்ளேர்’ நிறுவனம் 2020 ஏப்ரல் 1 அன்று குடும்பங்களுக்கான இலவச வடிகட்டியை அறிமுகம் செய்தபோது, பால் புதுமையினர் தளங்கள் பலவும் சேர்ந்து முடங்கின. வெளியாரிடம் உரிமம் பெற்ற பட்டியலில் தவறான வகையைத் தேர்ந்தெடுத்ததே காரணம். அன்றே அதைத் திருத்தி, எப்படி நேர்ந்தது என்று எழுதி, மன்னிப்பும் கேட்டார்கள். என்ன நடந்தது என்று உலகத்துக்குத் தெரிந்ததால்தான் அது ஒரே நாளில் முடிந்தது.

எனவே, விலையைக் கேட்பதற்கு முன் விற்பவரிடம் இதைக் கேட்க வேண்டும்: தடுக்கும்போது ‘தடுக்கப்பட்டது, இன்ன வகையில், இன்னார் உத்தரவால்’ என்று திரையில் சொல்லுமா? பூட்டுச் சின்னம் உள்ள தளங்களில் அந்த அறிவிப்பைக் காட்டுவது தொழில்நுட்பரீதியாகக் கடினம் என்பார்கள், உண்மைதான். அப்படியானால், தடுத்தவற்றின் தொகுப்பையாவது வாரந்தோறும் தர வேண்டும். வாங்குவதற்கு முன்பு, அந்த அலுவலகத்தின் ஆட்கள் தமிழில் தேடக்கூடியவற்றை வைத்துச் சோதிக்க வேண்டும்: மருத்துவம், தொழிலாளர் சட்டம், வருங்கால வைப்பு நிதி, எல்லாத் தரப்பு நாளிதழ்கள், சங்க இலக்கியம். விற்பவர் தயாராக வைத்திருக்கும் ஆங்கில மாதிரிப் பட்டியலை வைத்துச் சோதிப்பது, கடைக்காரரின் தராசில் கடைக்காரரே நிறுத்துக் காட்டுவது போன்றது.

முதலாளியே பின்னர் என்ன சேர்க்கிறார் என்பதும் முக்கியம். கிரிக்கெட்டுக்காக வாங்கிய வடிகட்டியில் ஒருநாள் தொழிற்சங்கத்தின் தளத்தைச் சேர்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும், யாருக்கும் தெரியாது.  அலுவலகத்துக்குள் ஒரு விதி இதைத் தடுக்க முடியும்: பட்டியலில் சேர்ப்பது எதுவாயினும் அறிவிப்புப் பலகையில் இடம்பெற வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது பதிவேட்டில். எந்தக் கணினியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தத் தளத்தைத் திறக்க முயன்றார்கள் என்று வடிகட்டி எழுதிவைத்துக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன பாலியல் துன்புறுத்தல் சட்டப் பக்கத்தை ஒரு பெண் தேடினால், அவர் புகார் எழுதுவதற்கு முன்பே அது முதலாளியின் திரையில் தெரிந்துவிடும். ஒன்பது பேர் உள்ள இடத்தில் அது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. தடை நீங்கினாலும் இந்தக் கண்காணிப்பு நீங்குவதில்லை. 2023-ம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான நோக்கங்களுக்காகப் பணியாளரின் ஒப்புதல் இன்றியே அவர்களின் தரவைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. ஆகவே, சட்டத்தை நம்பியிருக்காமல் பதிவேட்டில் கணினியின் பெயர் பதிவாகாதபடி அமைப்பை மாற்றிவிடுவதே பாதுகாப்பு. பல மென்பொருள்களில் அந்த வசதி இருக்கிறது, தேடினால்தான் கிடைக்கும்.

கெங்குவார்பட்டியில் மூன்றையும் வாங்கவில்லை. பட்டியல் திறந்திருக்கும் இலவச வடிகட்டி ஒன்றை ஒரு பழைய கணினியில் நிறுவி, மோசடி, ஆபாசம், சூதாட்டம் என்ற மூன்று வகைகளை மட்டும் தடுத்திருக்கிறோம். கிரிக்கெட் மதிய உணவு நேரத்தில் மட்டும் திறக்கும். அதைப் பற்றிய பேச்சுவார்த்தை மற்ற எல்லாவற்றையும்விட நீண்ட நேரம் எடுத்துக்கொண்டது. தடுக்கப்பட்ட முகவரிகளின் தாள், கணினிப் பெயர்கள் இல்லாமல், ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்படுகிறது. பதிவேட்டின் கடவுச்சொல் உரிமையாளரிடம் மட்டும் இருக்க வேண்டுமா, பணியாளர்களில் ஒருவரிடமும் இருக்க வேண்டுமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இருவரிடமும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.